வீட்டில் அதிர்ந்த உறுமி ஸ்பாட்டிஃபையில் ஏன் சோர்கிறது? சத்த அளவும் மிக்சிங்கும்

தைப்பூசம் நெருங்க நெருங்க கோலாலம்பூரிலும் பினாங்கிலும் புதிய உறுமிப் பாடல்கள் வரிசைகட்டி வெளிவரும். பல பாடல்கள் வீட்டு ஸ்டூடியோவில் பிறந்தவை: ஒரு மடிக்கணினி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர். வெளியீட்டுக்குப் பிறகு அடிக்கடி காதில் விழும் புகார் இது: "ஸ்டூடியோவில் வீடே அதிர்ந்தது. ஸ்பாட்டிஃபையில் போட்டால் அடுத்து வரும் பாட்டைவிடச் சின்னதாகக் கேட்கிறது. யூடியூப்பும் சத்தத்தைக் குறைத்துவிட்டது."

குறைத்தது உண்மைதான். எல்லோருடைய பாட்டையும் ஒரே விதிப்படிதான் குறைக்கிறார்கள். அப்படியும் ஒரு பாட்டு துடிப்போடு நிற்க, இன்னொன்று தட்டையாகிப் போவதற்குக் காரணம் மிக்சிங்கிலும் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது), அதற்கும் முன்னால் இசைக்கோர்ப்பிலும் இருக்கிறது.

உச்சம் வேறு, சத்தம் வேறு

கணினியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை 0 டெசிபெல் என்று குறிக்கிறோம். மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு வரும். உறுமியில் குச்சி விழும் கணத்தில் மீட்டர் −3ஐத் தொட்டுத் திரும்பினால் அது உச்சம், அதாவது பீக். அந்தக் கணம் சில மில்லிவினாடிதான்.

காது உணரும் சத்தத்தை உச்சம் தீர்மானிப்பதில்லை. நேரப்போக்கில் சராசரியாக எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. அதை அளக்கும் அலகு எல்.யூ.எஃப்.எஸ். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பி.எஸ்.1770 என்ற பரிந்துரை இதற்கு அடிப்படை. முழுப் பாட்டையும் ஓட்டி எடுக்கும் ஒற்றை எண்ணை இன்டக்ரேட்டட் லவுட்னஸ் என்பார்கள். தளங்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அடியின் வேகம் இருக்கிறது. உறுமியும் தவிலும் இந்த இடைவெளியை நம்பி வாழும் வாத்தியங்கள்.

தளங்கள் செய்வது

ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் பாடல்களை −14 எல்.யூ.எஃப்.எஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. அதைவிடச் சத்தமான பாட்டைக் குறைக்கும். மெதுவான பாட்டை உயர்த்தும். ஆனால் உச்சம் −1ஐத் தாண்டாத அளவுக்கு மட்டும். ஆல்பமாக வரிசையில் கேட்கும்போது மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு மாற்றம்தான் செய்யும், அதனால் மெதுவான விருத்தம் மெதுவாகவே இருக்கும். யூடியூப்பும் ஏறக்குறைய அதே −14ஐ வைத்துக் குறைக்கும், ஆனால் மெதுவானதை உயர்த்தாது. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் இயங்கினால் இலக்கு சுமார் −16.

யூடியூப் எவ்வளவு குறைத்தது என்பதை யாரும் பார்க்கலாம். கணினியில் காணொலி மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால், வால்யூம் வரியில் "100% / 45%" என்றும் பக்கத்தில் "கன்டென்ட் லவுட்னஸ் 7.0" என்றும் இருக்கலாம். பாட்டு இலக்கைவிட 7 டெசிபெல் சத்தமாக இருந்தது, அதனால் அலைவீச்சை 45 விழுக்காட்டுக்கு இறக்கிவிட்டோம் என்று பொருள்.

ஏழு டெசிபெல் போன வழி

ஒரே பாட்டுக்கு இரண்டு மாஸ்டர் (வெளியீட்டுக்குத் தயாரான இறுதிக் கோப்பு) செய்ததாக வைத்துக்கொள்வோம்.

1. முதல் மாஸ்டர்: லிமிட்டரை (உச்சத்தை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாமல் அடக்கும் கருவி) அழுத்தி −7 எல்.யூ.எஃப்.எஸ் வரை ஏற்றியது. உச்சம் −1.
2. இரண்டாவது: லிமிட்டர் லேசாகத் தொட்டது. −14 எல்.யூ.எஃப்.எஸ். உச்சம் இங்கேயும் −1.

மடிக்கணினியில் அடுத்தடுத்துக் கேட்டால் முதலாவதுதான் பிரமாதம் என்று தோன்றும். சத்தமானதை நல்லதென்று எடுத்துக்கொள்வது காதின் பழக்கம். தளத்தில் ஏறியதும் முதலாவது 7 டெசிபெல் இறங்குகிறது; அதன் உச்சம் −8க்கு வருகிறது. இரண்டாவது அசையாமல் இருக்கிறது, உச்சம் −1. சராசரிச் சத்தம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் இரண்டாவதில் ஒவ்வொரு அடியும் 7 டெசிபெல் உயரமாக எழுகிறது, அதாவது அலைவீச்சில் இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்துப் பாட்டு "பெரிசா" கேட்பது இதனால்தான்.

முதலாவதில் இன்னொரு இழப்பும் உண்டு. 7 டெசிபெல் ஏற்றியபோது குரல் டிராக்கில் பதிந்த மின்விசிறி இரைச்சலும், ஏர்கானும், மடிக்கணினி சார்ஜர் வழியே வரும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் சேர்ந்தே ஏறின. தளம் மொத்தமாக இறக்கினாலும், உச்சங்கள் வெட்டுப்பட்டுவிட்டதால் அடிக்கும் இரைச்சலுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்ததாகவே நிற்கும்.

காதின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய, கீழ்ச்சுருதியைக் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஸ்டூடியோவில் பெரிய சத்தத்தில் கேட்டு மிக்ஸ் செய்த பாட்டை, ஃபோனில் பாதிச் சத்தத்தில் கேட்கும்போது முதலில் காணாமல் போவது உறுமியின் உறுமல்தான்.

மீட்டர் எதை அதிகம் எண்ணுகிறது

எல்.யூ.எஃப்.எஸ் மீட்டர் எல்லா அதிர்வெண்ணையும் சமமாக எண்ணுவதில்லை. கே-வெயிட்டிங் என்ற வடிகட்டி வழியாகப் பார்க்கிறது. ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை 4 டெசிபெல் வரை கூட்டி எண்ணும். 40 ஹெர்ட்ஸ் அருகே உள்ளதைச் சுமார் 6 டெசிபெல் குறைத்து எண்ணும்.

இதன் விளைவு நம் பாடல்களில் நேராகத் தெரியும். நாதஸ்வரம் இடைவிடாமல் ஒலிக்கும் பாட்டில் மேல் நடுப்பகுதி நிறைந்திருப்பதால் மீட்டர் அதிகமாகக் காட்டும். தளம் அதிகமாகக் குறைக்கும். அடி பேஸ் நிறைந்த பாட்டில் நடப்பது வேறு: உச்சவரம்பில் பெரும்பங்கை பேஸ் தின்றுவிடும், மீட்டரிலோ அதற்குரிய எண் ஏறாது. எண் ஏறவில்லையே என்று லிமிட்டரை இன்னும் தள்ளுவார்கள். அழுத்தம் மொத்தமும் குரல் மேல் விழும்.

முன்னால் வரும் மெதுவான விருத்தம் சராசரியை இறக்கும் என்று நம்பி மீதிப் பாட்டைச் சத்தமாக்குவதும் பலிக்காது. பாட்டை 400 மில்லிவினாடித் துண்டுகளாக அளக்கும் மீட்டர், சராசரியைவிட 10 அலகு கீழே போகும் துண்டுகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடும்.

லிமிட்டர் உறுமியை என்ன செய்கிறது

மாஸ்டர் டிராக்கில் உட்காரும் லிமிட்டருக்கு உறுமி எது, குரல் எது என்று தெரியாது. வரம்பை மீறும் உச்சம் வந்ததும் அந்தக் கணத்தில் உள்ள அத்தனையையும் சேர்த்து இறக்கும். அடி விழுகிறது, குரல் தாழ்கிறது. அடி ஓய்கிறது, குரல் எழுகிறது. குரல் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். பம்பிங் என்று சொல்வது இதைத்தான்.

சோதிக்க எளிய வழி: லிமிட்டரை ஆன் செய்து, அதன் வெளியீட்டை எத்தனை டெசிபெல் ஏற்றியதோ அத்தனை டெசிபெல் இறக்கிவிட்டு, பிறகு ஆன்-ஆஃப் மாற்றிமாற்றிக் கேளுங்கள். சத்தம் சமமானதும், முன்பு "பெரிசாக்கியது" என்று நம்பியது எதைப் பறித்தது என்று தெரியும். எந்தப் பிளக்-இன்னையும் (இசை மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) இப்படிச் சமச் சத்தத்தில்தான் மதிப்பிட வேண்டும். இந்த ஒரு பழக்கம், காசு கொடுத்து வாங்கும் எந்தப் பிளக்-இன்னைவிடவும் மிக்ஸை அதிகம் திருத்தும்.

கோளாறு தொடங்கும் இடம்: 808உம் உறுமியும்

மலேசியத் தமிழ்ப் பாடல்களில் உறுமியும் ஹிப்-ஹாப்பின் 808 பேஸும் ஒன்றாக வருவது இப்போது வழக்கம். (1980இல் ரோலண்ட் வெளியிட்ட டி.ஆர்.808 டிரம் இயந்திரத்தின் கிக் ஒலியை நீட்டிச் சுருதி சேர்த்ததே இந்த பேஸ்.) மிக்சிங்கில் அதிகச் சண்டை நடப்பது இங்கேதான்.

உறுமியின் ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலி ஒரே சுருதியில் நிற்காது. வழுக்கி ஏறி இறங்கும். 808உம் நீண்டு ஒலிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தளத்தில், 60 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள், நடமாடும். 808 பேஸ் 98 ஹெர்ட்ஸில் நிற்க, உறுமி 103ஐக் கடந்தால், வித்தியாசமான 5 ஹெர்ட்ஸ் வினாடிக்கு ஐந்து துடிப்பாகக் கேட்கும். பாட்டின் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத அதிர்வு அது. இரண்டு அலையும் சேரும் கணத்தில் உச்சம் 6 டெசிபெல் வரை ஏறும், விலகும் கணத்தில் பேஸ் காணாமல் போகும். அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்யூவால் இதை முழுதாகத் தீர்க்க முடியாது. இசைக்கோர்ப்பில்தான் தீர்க்க வேண்டும்.

1. அடித்தளம் யாருக்கு என்று பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் முடிவு செய்யுங்கள். ராப் வரிகளில் 808க்குக் கொடுத்து, உறுமியை 90 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் செய்யலாம் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டலாம்). உறுமி தனித்து முழங்கும் இடத்தில் 808ஐ முழுக்க நிறுத்திவிடுவதே நல்லது.
2. 808இன் நோட்டுகளைக் குறுக்குங்கள். தேய்ப்பு தொடங்கும் முன் நோட்டு முடிய வேண்டும். பியானோ ரோலில் இழுத்துவிடும் வேலைதான். பல பிளக்-இன்கள் செய்யாததை இது செய்யும்.
3. இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் சைட்-செயின் வையுங்கள்: உறுமி அடி விழும்போது 808 பேஸ் 3 முதல் 4 டெசிபெல் இறங்கட்டும். அட்டாக் (இறங்க எடுக்கும் நேரம்) 5 மில்லிவினாடி, ரிலீஸ் (மீண்டும் எழ எடுக்கும் நேரம்) 80 முதல் 120. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிவினாடி. இரட்டிப்புக் காலத்தில் அடி 250க்கு ஒன்று விழும். ரிலீஸ் அதைவிட நீண்டால் 808 எழுந்திருக்கவே முடியாது.
4. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதெல்லாம் மோனோவாக (இடது வலது இரண்டிலும் ஒரே ஒலியாக), நடுவில் இருக்கட்டும்.

உறுமிக் குழுவையே நேரடியாகப் பதிவு செய்தால் இன்னொரு சிக்கல் வரும். ஓர் உறுமிக்கு இரண்டு மைக் வைத்து, ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அங்கே சுமார் 1 மில்லிவினாடி தாமதமாகச் சேரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ், 2,500 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்கள் வெட்டுப்படும். வாத்தியம் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். ஈக்யூவில் 500ஐ ஏற்றிப் பயனில்லை, ரத்தானது திரும்பாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி இரண்டு அடிகளின் தொடக்கத்தையும் ஒரே கோட்டில் நகர்த்துங்கள். அதன்பிறகு ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ்த் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடி கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

மூன்று மீட்டர் அறை

செந்தூலிலோ ஜெலுத்தோங்கிலோ அடுக்குமாடி வீட்டின் சின்னப் படுக்கையறைதான் பலருக்கு ஸ்டூடியோ. அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை நிலைகொள்ளும் முதல் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ் (ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது). நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே அதிர்வெண்ணில் சிக்கல்.

அறையின் நடு மையத்தில் 57 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். அதே பாட்டு மைவி காரின் பின்சீட்டில் காதை அடைக்கும். சுவரையொட்டி உட்கார்ந்தால் நேர்மாறு: பேஸ் வீங்கிக் கேட்கும், குறைத்துவிடுவார், பாட்டு மெலிந்துபோகும்.

அறை நீளத்தில் முன்சுவரிலிருந்து சுமார் 38 விழுக்காட்டில், அதாவது 3 மீட்டர் அறையில் 1.1 மீட்டர் தொலைவில், தலை இருக்குமாறு தொடங்குங்கள். சுவரில் ஒட்டும் ஓர் அங்குல ஃபோம் குரலின் எதிரொலியைக் குறைக்கும். 57 ஹெர்ட்ஸைத் தொடாது, ஏனென்றால் அந்த அலையின் கால்பகுதியே ஒன்றரை மீட்டர். பேஸ் முடிவுகளை ஹெட்ஃபோனிலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரிலும் சரிபார்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

குரல்: வல்லினம் தப்ப வேண்டும்

பதிவின்போது உச்சம் −12 முதல் −10 வரை போதும். 24 பிட் பதிவில் இரைச்சல் தரை மிகக் கீழே இருப்பதால், சிவப்பைத் தொடும் அளவுக்குப் பாடவைக்கத் தேவையே இல்லை. வெட்டுப்பட்ட குரலை முழுதாக மீட்க வழி கிடையாது.

சத்தமான இடங்களை மட்டும் இறக்கும் கம்ப்ரெசர் 3:1 விகிதத்தில் (வரம்பை மீறும் 3 டெசிபெல்லை 1 ஆக்குவது), சத்தமான சொற்களில் 3 முதல் 6 டெசிபெல் இறக்கினால் பெரும்பாலும் போதும். அட்டாக் 1 மில்லிவினாடி என்று வைத்தால் க, ச, ட, த, ப, ற ஆகியவற்றின் தொடக்க வெடிப்பே நசுங்கும். "பக்கம்", "பட்டம்" போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினம் மழுங்கி, கேட்பவர் வரியை ஊகிக்க வேண்டியிருக்கும். 10 மில்லிவினாடிக்கு மேல் வைத்தால் வெடிப்பு தப்பிவிடும். பாடல்வரி புரியாத மிக்ஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

குரலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் வையுங்கள். தெளிவு 2,000 முதல் 4,000 வரை இருக்கிறது. நாதஸ்வரமும் அங்கேதான் உட்காரும். குரலை அங்கே ஏற்றுவதைவிட, குரல் வரும்போது மட்டும் நாதஸ்வரத்தை அதே இடத்தில் 2 முதல் 3 டெசிபெல் இறக்குவது மேல். கே-வெயிட்டிங் கணக்குப்படி மொத்த எண்ணும் குறையும். ரிவெர்பை (எதிரொலி விரிவை) தனி சென்ட்டில் (குரலின் ஒரு பங்கை மட்டும் அனுப்பும் கிளைப்பாதையில்) வைத்து, 20 முதல் 40 மில்லிவினாடி ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) கொடுத்து, அதன் திரும்புபாதையில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கோயில் மண்டபத்தின் விரிவு கிடைக்கும், சேறு சேராது.

ஃபோன் ஸ்பீக்கர்

ஃபோன் ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் ஒலிக்க முடியாது. உறுமியின் அடிச்சுருதி அதில் வராது. அதன் மேல்தொனிகள் வந்தால், காது அடிச்சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே பேஸை ஏற்றுவதற்குப் பதில், உறுமி டிராக்கை நகலெடுத்து, நகலில் சாச்சுரேஷன் (மேல்தொனிகளைக் கூட்டும் லேசான சிதைவு) போட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மூல டிராக்கின் அடியில் மெதுவாகக் கலந்துவிடுங்கள்.

மாஸ்டரை மோனோவுக்கு மாற்றியும் கேட்க வேண்டும். கோரஸை அகலமாக்க இடது வலதுக்கு 15 மில்லிவினாடி தாமதம் வைத்திருந்தால், மோனோவில் அது உள்ளீடற்றுப் போகும். இரண்டு முறை தனித்தனியாகப் பாடி இரு பக்கமும் வைத்தால் அந்தக் கோளாறு வராது.

கோப்பைக் கொடுக்கும் முன்

1. லிமிட்டர் இல்லாத நிலையில் மிக்ஸின் உச்சம் −6 அருகே இருக்கட்டும். மாஸ்டர் ஃபேடரை இறக்கி அதைச் சாதிக்காதீர்கள், டிராக்குகளை இறக்குங்கள்.
2. லிமிட்டர் மிகச் சத்தமான இடத்திலும் 2 முதல் 3 டெசிபெல்லுக்கு மேல் இறக்க வேண்டாம். அதற்குமேல் தேவைப்பட்டால் சிக்கல் மிக்ஸில் இருக்கிறது.
3. வரம்பை ட்ரூ பீக் −1 என்று வையுங்கள். சாம்பிள் புள்ளிகளுக்கு நடுவே அலை உயரக்கூடும், ஏ.ஏ.சி, ஆக் வோர்பிஸ் போன்ற சுருக்கங்களும் உச்சத்தை உயர்த்தும். மாஸ்டர் −14ஐவிடச் சத்தமாக இருந்தால் −2 வைக்கச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை.
4. −14 என்ற எண்ணைத் துல்லியமாகத் தொட வேண்டிய அவசியம் இல்லை. −11இல் பாட்டு உயிரோடு இருந்தால் −11இலேயே விடுங்கள். 3 டெசிபெல் குறைப்பார்கள், அவ்வளவுதான். உயிர் போவது −8, −7க்குப் போகத் துரத்தும்போது.
5. 24 பிட் வேவ் கோப்பாக, திட்டம் தொடங்கிய சாம்பிள் ரேட்டிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். 16 பிட்டுக்கு இறக்கும் கடைசிப் படியில் மட்டும் டித்தர் (பிட் குறையும்போது வரும் பிழையை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்).
6. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

லிமிட்டர் போடாத மிக்ஸையும் தனியே ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளுக்குப் பாட்டு போகும்போது அது வேண்டியிருக்கும்: பண்பலை ஒலிபரப்பில் நிலையமே தன் கருவியால் ஒருமுறை அழுத்தும், ஏற்கெனவே நசுங்கிய பாட்டு அங்கே கரகரக்கும். பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் பந்தல் ஸ்பீக்கரில் ஒலிக்கப்போகும் பதிப்புக்கும் அந்தக் கோப்பிலிருந்தே தொடங்கலாம். அதை மோனோவாக்கி, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக் கொடுங்கள். திறந்தவெளிச் சின்ன ஸ்பீக்கர்களால் அதற்குக் கீழே உள்ளதை ஒலிக்க முடியாது, ஆம்பிளிஃபையர் அதற்காக வீணாய் உழைக்கும்.